இரண்டுக்கு மேல் திருக வேண்டாம்

சனிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, அப்பா அறையில் நீ மாட்டச் சொன்ன கேமராவின் ஒயரைப் பிடுங்கினேன். பல்கூடத் தேய்க்கவில்லை. நாற்காலியைப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து கேமராவை எடுத்து, ஒரு பழைய துண்டில் சுற்றி, என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஆகவே உன் போனில் கறுப்பாகத் தெரிவது நெட் கோளாறு இல்லை. இங்கே மின்சாரமும் போகவில்லை. அப்பா நன்றாக இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ பதறாமல் படிப்பாய்.

இதைப் போனில் சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ முடித்துவைப்பாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நீ முடித்துவைப்பது பெரும்பாலும் நான் சொல்ல வந்ததைவிட நன்றாகவும் இருக்கும், நானும் சரி என்றுவிடுவேன். கடிதத்தில் கடைசி வரி வரை நான்தான் பேசியாக வேண்டும். உன் ஊருக்குத் தபால் போய்ச் சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்கிறார்கள். அதுவரை நீ கூப்பிடும்போதெல்லாம், கழற்றி வைத்திருக்கிறேன், காரணம் கடிதத்தில் வருகிறது என்று மட்டும் சொல்வேன். கோபம் வரும். வரட்டும்.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இன்றோடு பதினேழு நாள். ஆக்சிஜன் மெஷின் நிமிடத்துக்கு இரண்டு லிட்டரில் ஓடுகிறது. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் குழாய் மூக்கில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை இப்போது ஒழுங்காகக் கேட்கிறார். காதுக்குப் பின்னால் குழாய் உரசி ஒரு பக்கம் புண்ணாகியிருந்தது, பஞ்சு சுற்றிவிட்டேன், ஆறிவருகிறது. மூக்கு காய்கிறது என்று வாசலின் கேட்டார். எண்ணெய்ப் பசை உள்ள எதையும் ஆக்சிஜன் பக்கத்தில் கொண்டுபோகக்கூடாது என்று சொல்லி, தண்ணீர்ப் பசையில் செய்த ஜெல் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். குமிழ் விடும் பாட்டிலில் தினமும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் மாற்றுகிறேன். சனிக்கிழமை தோறும் மெஷினின் வடிகட்டியைக் கழற்றி அலசிக் காயவைக்கிறேன், இன்றைக்கும் ஆயிற்று. குழாய் தடுக்கி ஒருமுறை விழப் பார்த்தாரே, அதனால் அதைச் சுவரோரமாகவே கொண்டுபோய் டேப் ஒட்டியிருக்கிறேன். கரண்ட் போனால் மாற்றுவதற்கு வைத்திருக்கும் சிலிண்டர் ஜன்னல் கம்பியில் சங்கிலி போட்டுக் கட்டியபடி நிற்கிறது. அப்பா அதற்குக் 'கைதி' என்று பேர் வைத்திருக்கிறார்.

வாசல் கதவில் 'ஆக்சிஜன் உள்ளது, புகை பிடிக்காதீர்' என்று நான் ஒட்டிய தாளுக்குப் பயந்து, மாடி வீட்டுக்காரர் சிகரெட் பெட்டியையும் தீப்பெட்டியையும் செருப்புக்குள் சொருகி வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார். இந்த வீட்டில் ஒட்டிய தாளுக்கு மரியாதை கொடுத்த ஒரே ஆள் அவர்தான்.

இன்னொரு தாளும் ஒட்டியிருந்தேன். உனக்கு அது நன்றாகத் தெரியும். உன் கேமராவுக்கு நேர் எதிரே, மெஷினுக்கு மேலே, கறுப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதியது. 'இரண்டுக்கு மேல் திருக வேண்டாம்.' அப்பா அதைப் படித்துவிட்டு, வாக்கியத்தின் முடிவில் புள்ளி வைக்கவில்லை என்று பேனாவைக் கேட்டு வாங்கிப் புள்ளி வைத்தார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் டாக்டர் எனக்கு விளக்கியதை உனக்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். எழுத்தில் ஒருமுறை இருக்கட்டும். அப்பாவுக்கு இருப்பதுபோன்ற பழுதான நுரையீரலுக்குக் காற்றை உள்ளே இழுப்பது மட்டும் பிரச்சினை இல்லை. கெட்ட காற்றை வெளியே தள்ளுவதும் பிரச்சினைதான். அந்த உடம்பு குறைந்த ஆக்சிஜனுக்குப் பழகிப்போயிருக்கிறது. தேவைக்கு மேல் ஊட்டினால் கரியமில வாயு உள்ளேயே தங்கிவிடும். தலை வலிக்கும், தூக்கம் தூக்கமாக வரும், பேச்சு குழறும், பிறகு கூப்பிட்டால் எழுந்திருக்க மாட்டார்கள். விரலில் மாட்டும் கருவியில் எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றிரண்டுக்குள் இருந்தால் போதும், இவருக்கு அதுதான் சரியான அளவு என்றார். எனக்கு உடனே புரிந்தது. இருபது வருடமாகத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நான் செய்வது அதுதானே. குளோரின் குறைந்தாலும் தண்ணீர் ஆகாது, கூடினாலும் ஆகாது. அளவு என்று எழுதியிருந்தால் அது அளவு.

நம் வீட்டில் எண் என்றால் அளவு கிடையாது, மார்க். கணக்கு வாத்தியார் வீட்டில் வேறு எப்படி இருக்கும். நீ தொண்ணூற்றெட்டு வாங்கி வருவாய், அப்பா விடைத்தாளை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, மீதி ரெண்டு எங்கேடா போச்சு என்பார், சிரித்துக்கொண்டே. நான் எண்பத்தொன்பது. என்னிடம் மீதியைக் கேட்டதே இல்லை. கேட்காதது அப்போது நிம்மதியாக இருந்தது. ரொம்ப வருடம் கழித்துத்தான் அவர் ஏன் கேட்கவில்லை என்று புரிந்தது.

அப்பாவின் விரலில் எண்பத்தொன்பது என்று காட்டியதை உன்னால் பார்க்க முடியவில்லை. அவராலும்தான். நீ கூப்பிட்டால் கேட்பது அந்த எண்ணைத்தான். என் விரல்ல மாட்டினா தொண்ணூத்தொன்பது காட்டுது அக்கா, அப்பாவுக்கு மட்டும் ஏன் பத்து குறையுது என்பாய். நான் விளக்குவேன். ஓகே ஓகே என்பாய். மறுநாள் அதே கேள்வி. அப்பா உன்னிடம் பேசுவதற்கு முன்னால் நாலு தடவை மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, விரலைச் சட்டையில் தேய்த்துச் சூடாக்கிக் கருவியை மாட்டுவதை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்திருக்கிறேன். எழுபத்தாறு வயதில் மனிதர் பரீட்சைக்குத் தயாரானார்.

வார நாட்களில் என்ன நடந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. நீ கூப்பிடும் நாலு மணிக்கு நான் வேலையில் இருப்பேன். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள நிறுவனம் அனுப்பிய பெண், மணிக்கூண்டுதான் வீட்டில் இருப்பார்.

அந்தப் பேரையும் அப்பாதான் வைத்தார். ஒன்பது என்றால் ஒன்பதுக்கு வாசலில் நிற்பார். பல வருடம் ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்தவர், கை சுத்தம், வார்த்தை சுத்தம். அப்பா அவரை, பதினேழு பதினேழு எவ்வளவு சொல்லு பார்ப்போம் என்று சீண்டுவார். அவர், வாத்தியாரே, காலையில எத்தனை மாத்திரை முழுங்கினீங்கன்னு நீங்க முதல்ல சொல்லுங்க பார்ப்போம் என்பார். அம்மா போன பிறகு அந்த அறையிலிருந்து யாரோ சிரிக்கிற சத்தம் வந்தது அவரால்தான். நீ அவரைக் கேமராவில் பார்த்ததோடு சரி. அவர் பேர்கூட உனக்குத் தெரியாது.

அந்த வியாழக்கிழமையை இப்போது எழுதுகிறேன்.

இரண்டு நாளாகத் தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் நான் கிளம்பும்போது நல்ல தூக்கத்தில் இருந்தார். பாவம், தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு, வாசலில் மணிக்கூண்டிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகியிருக்காது, போன். மேடம், ஐயா கூப்பிட்டா கண்ணைத் திறந்து திறந்து மூடுறார், பேச்சு குழறுது, மெஷின்ல உருண்டை அஞ்சுல நிக்குது, ரெண்டுக்குக் கொண்டாந்துட்டேன், வண்டிக்கும் சொல்லிட்டேன், நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. இவ்வளவுதான் சொன்னார். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்றைக்கு அப்பா உயிரோடு ஆஸ்பத்திரி வந்தது அந்த நாலு வரியால்.

மணிக்கட்டில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முகத்தோடு இறுக்கிக் கட்டும் மூச்சு மெஷினில் போட்டார்கள். மூன்று நாள் அதில் இருந்தார். டாக்டர் வராந்தாவுக்கு வந்து, எல்லார் முன்னாலும், யாரும்மா அஞ்சுல வெச்சது என்று கேட்டார். நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. மணிக்கூண்டு பக்கம் திரும்பி, பகலெல்லாம் நீங்கதானே கூட இருக்கீங்க என்றேன். அவர், நான் அந்தத் திருகை ஏத்தலை மேடம், சின்னவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க என்றார். சின்னவர் என்றால் நீ.

எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. கடல் தாண்டி இருக்கிற என் தம்பி மேல் பழி போடுகிறாளே என்று நினைத்தேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு, அப்பாவின் கண்ணாடியை மட்டும் ஒரு தாளில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு உன்னைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பதறிப்போயிருக்கிறாய் என்று நினைத்தேன். பிறகு நீ சொன்னாய், நான் முதல்லயே சொன்னேன்ல அக்கா, வெளியாளை நம்பி விடாதேன்னு. ஆள் அனுப்பிய நிறுவனத்துக்கு எழுதிப் புகார் கொடு, இல்லைன்னா நாளைக்கு இன்னொரு வீட்டுல இதையே செய்வாங்க என்றாய். எப்படி எழுதுவது என்று தெரியாமல் நான் திணறியபோது இரண்டு வரி நீயே சொன்னாய். நான் எழுதிக்கொண்டேன். என் கையெழுத்து, உன் வாக்கியம். அந்தக் கொஞ்ச நேர மௌனத்துக்கு அர்த்தம் இப்போதுதான் எனக்குத் தெரியும்.

நேற்று முன்தினம் கேமராவில் சிவப்பு விளக்கு மின்னியது. உள்ளே இருக்கும் கார்டு நிறைந்துவிட்டால் அப்படி மின்னும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். வேண்டாததை அழிக்கலாம் என்று கார்டை எடுத்து, மத்தியானம் அப்பா அசந்த நேரத்தில், ஹாலில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் போட்டேன். இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன்.

அப்பா ஆஸ்பத்திரிக்குப் போன வாரத் திங்கட்கிழமை, நாலு மணி ஐந்து நிமிடம். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். ஸ்பீக்கரில் போட்ட போனில் உன் குரல். ரெண்டுல வெச்சா எப்படிப்பா ஏறும், வலது பக்கமா மெல்லத் திருகுங்க, இன்னும் கொஞ்சம், அக்காகிட்ட சொல்ல வேண்டாம், சும்மா லெக்சர் அடிப்பா. அப்பா எட்டித் திருகுகிறார். கண்ணாடிக் குழாய்க்குள் உருண்டை ஏறுகிறது. ஐந்து நிமிடம் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசுகிறீர்கள். பிறகு அப்பா விரலைக் கேமராவுக்கு நேரே நீட்டுகிறார். தொண்ணூற்றாறு. நீ கை தட்டுகிறாய். அப்பா, மீதி நாலு எங்கேடா போச்சு என்கிறார். இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்பை நான் நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை பார்த்தேன். உன் விடைத்தாளை வாங்கும்போது அவர் முகத்தில் வருமே, அதே சிரிப்பு. முப்பது வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன்.

மணிக்கூண்டு உள்ளே வருகிறார். ஐயா, வேணாம்யா, எழுதி ஒட்டியிருக்காங்க பாருங்க என்கிறார். நீ அவரிடம், நீங்க உங்க வேலையப் பாருங்கம்மா, நான் அவர் பையன் என்கிறாய். நீ போனை வைத்த பிறகு அவர் வந்து குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் பார்த்து, உருண்டையை இரண்டுக்குக் கொண்டுவருகிறார். செவ்வாய்க்கிழமையும் இதே கதை, நாலுக்கு ஏற்றி, அவர் இறக்கி. அன்று மாலை வாசலில் என்னிடம், ஐயா திருகுல கை வைக்கிறார் மேடம், கொஞ்சம் பார்த்துக்குங்க என்று சொன்னார். பையைத் தோளிலிருந்து இறக்காமலே நான் சரி சரி என்றது இப்போது ஞாபகம் வருகிறது. உன் பேரை அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. குடும்பத்துக்குள் சண்டை மூட்ட வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

புதன்கிழமை அவர் மூன்றரைக்கே போய்விட்டார். ஏதோ அவசரம் என்று என்னிடம் கேட்டு, நானே அனுமதி கொடுத்திருந்தேன். நாலு மணிக்கு நீ. இந்தத் தடவை ஐந்து. தொண்ணூற்றெட்டு. இறக்கிவைக்க ஆள் இல்லை. ஆக, மூன்றரைக்கு மேல் அந்த வீட்டிலேயே இல்லாத ஒருவரைத்தான் மறுநாள் நான் வராந்தாவில் நிற்கவைத்துக் கேட்டேன். அனுமதி கொடுத்தவளுக்கு அது ஞாபகம் வரவில்லை.

இதுவரை படித்ததில் உனக்கு என் மேல் கோபம் வந்திருக்கும், உன் மேலும் கொஞ்சம் வந்திருக்கும். இனி எழுதப்போவதை எழுதத் துணிய எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

அதே புதன்கிழமை, ஆறேகால் மணி. கேமராவில் நான் வருகிறேன். வேலையிலிருந்து வந்த அதே புடவை. அப்பா தூங்குகிறார். நான் குனிந்து அவர் விரலைப் பார்க்கிறேன். பிறகு மெஷின் பக்கம் முகம் திரும்புகிறது. உருண்டை ஐந்தில் நிற்கிறது. அதற்கு நேர் மேலே என் கையால் எழுதிய தாள். இரண்டு விநாடி, மூன்று விநாடி அப்படியே நிற்கிறேன். கை பாதி தூரம் போகிறது. பிறகு கையை இழுத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போகிறேன்.

அப்படி ஒன்று நடந்ததே எனக்கு ஞாபகம் இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன். பொய்ச் சத்தியம் ஆகியிருக்கும். நான் பார்த்தேன். தொண்ணூற்றெட்டைப் பார்த்தேன், ஐந்தைப் பார்த்தேன். அன்று மாலை அவர் இருமவில்லை. எட்டு மாதமாக வேலை முடிந்து வந்து கால் வைத்ததும் கேட்கிற அந்த இருமல் இல்லை, கூப்பிடும் குரல் இல்லை. இரண்டுக்குக் கொண்டுவந்தால் விழித்துக்கொள்வார் என்று நினைத்தேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சமையலறையில் உட்கார்ந்து ஒரு காபியை, சூடு ஆறுவதற்குள், கடைசி வரை குடித்தேன். அது எவ்வளவு ருசியாக இருந்தது என்பது மட்டும் எப்போதும் ஞாபகம் இருந்தது. காலையில் பார்க்கவும் இல்லை. அளவுக்கு மேல் போனால் என்ன ஆகும் என்று தெரியாமல் திருகினாய் நீ. தெரிந்து விட்டுவைத்தவள் நான். வராந்தாவில் நான் அவ்வளவு சத்தம் போட்டது எதற்கு என்று இப்போது புரிகிறதா?

நேற்று மாடி வீட்டுக்காரரை அப்பாவோடு உட்காரவைத்துவிட்டு மணிக்கூண்டு வீட்டுக்குப் போனேன். பஸ் டிப்போவுக்குப் பின்னால் சந்து, இரண்டாவது மாடி, கைப்பிடி இல்லாத படிக்கட்டு. கதவைத் திறந்தவர் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. முதலில், ஐயாவுக்கு எப்படி இருக்கு என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். திருகு ரெண்டுல இருக்கா என்றார். இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். உன்னை, அப்பாவை, என்னை. அன்றைக்கே நீங்க வற்புறுத்திச் சொல்லியிருக்கக்கூடாதா என்று, வெட்கமில்லாமல், அவரையே கேட்டேன். சொன்னேனே மேடம் என்றார். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். திரும்ப வாருங்கள் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீங்க மன்னிப்புக் கேட்டா அது இந்த வாசப்படியோட போச்சு, எங்க ஆபீஸ்ல என் பேருக்கு நேரா, மெஷினைத் தொட்டு நோயாளிக்கு ஆபத்து உண்டாக்கினவர்னு ஏறியிருக்கு, நான் உங்க வீட்டுக்கு வந்துட்டா அந்த எழுத்து அழிஞ்சிடுமா? அது உன் வாக்கியம், தம்பி. ஒரு சொல் மாறாமல் ஏறியிருக்கிறது. அதற்குப் பிறகு அவரை எந்த வீட்டுக்கும் அனுப்பவில்லையாம். இப்போது ஒரு விடுதியில் துணி மடிக்கிறார். நோயாளியைத் தொட்டுப் பார்த்தே காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லுகிற கை.

அப்பாவுக்கும் எல்லாம் தெரியும். வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள், மணிக்கூண்டு ஏன் வரலை என்று கேட்டார். நிறுத்திவிட்டேன் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு மார்க் எங்கே போயிற்று என்று துருவித் துருவிக் கேட்கிறவர், ஒரு மனுஷி எங்கே போனாள் என்று கேட்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இன்று காலை நாற்காலி மேல் ஏறி நான் ஒயரைப் பிடுங்கும்போது விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தேடுவானே என்றார். தேடினா கூப்பிடுவான் என்றேன். பிறகு, எல்லாத்தையும் என் மேல போட்டுடும்மா, அவன் மேல போடாதே, தூரத்துல தனியா இருக்கிற பிள்ளை என்றார். உன் மனைவியும் இரண்டு குழந்தைகளும் சேர்ந்ததுதான் அந்தத் தனிமை. என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் அந்தக் கணக்கில் வரவே இல்லை. வடிகட்டியைக் கழற்றிக்கொண்டு அலசப் போய்விட்டேன்.

உனக்கு ஒன்றிரண்டு விஷயம் சொல்ல வேண்டும். இனி அப்பாவிடம் பேசும்போது எண்ணைக் கேட்காதே. காலையில் தலை வலிக்கிறதா, பகலில் தூக்கம் வருகிறதா, பாத்ரூம் வரை மூச்சு வாங்காமல் போனாரா என்று கேள். பதில் சரியில்லை என்றால் டாக்டரைக் கூப்பிட நான் இருக்கிறேன். திருகை நீயும் தொட வேண்டாம், அவரும் தொட வேண்டாம், நானும் தொட மாட்டேன். கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் சொன்னால் மட்டும்தான். உன் பெரியவளுக்குப் பரீட்சை என்றாயே, நன்றாக எழுதுவாள். எண்பத்தொன்பது வாங்கிவந்தால் தட்டிக்கொடு.

என் லீவு இந்த மாதத்தோடு முடிகிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னால் குழாயைக் கழற்றிவிட்டுப் பட்டினி கிடப்பார். மணிக்கூண்டிடம் சொன்னால், விடுங்க மேடம், குடும்ப விஷயம் நாலு பேருக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் சொல்வார். உன்னிடம் போனில் சொன்னால் நான் செய்யாமலே போய்விடுவேன். அதனால்தான் தபால்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்த நிறுவனத்துக்குப் போகிறேன். மூன்று நாள் பதிவையும் ஒரு கார்டில் எடுத்து வைத்திருக்கிறேன். கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், இந்த முறை வாக்கியமும் என்னுடையது. அதில் முதல் பேர் என்னுடையது. புதன்கிழமை ஆறேகால் மணிக்கு நான் என்ன பார்த்தேன், என்ன செய்யாமல் போனேன் என்று இருக்கிறது. அடுத்தது உன் பேர். பிறகு அப்பா பேர். அதில் ஒரு நகல் டாக்டருக்கும் போகிறது, ஆஸ்பத்திரிக் காகிதத்தில் 'கவனிப்பாளரின் தவறு' என்று எழுதியதை அவர் மாற்ற வேண்டும். சொந்தக்காரர்கள் காதுக்கு இது எட்டாமல் இருக்காது. நீ இதைப் படிக்கும்போது ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். தடுக்க நேரம் இருக்காது.

இந்தத் தாளின் பின்பக்கம் அவருடைய பேரும் போன் எண்ணும் எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு முறை கூப்பிடு. மெசேஜ் வேண்டாம், குரலில் பேசு. என்ன சொல்வது என்று தெரியாமல் நீ தடுமாறுவாய், அவரே முதலில் அப்பாவைப் பற்றிக் கேட்பார். இரண்டில் இருக்கிறது என்று சொல். அங்கிருந்து தொடங்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா